பழைய வீட்டுக்குப் புது வயரிங்: குடும்பமாகச் சேர்ந்து செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மரப் பேட்டனில் கிளிப் அடித்து ஓடும் வயர், வட்டக் கட்டையில் கறுப்பு சுவிட்ச், பீங்கான் கிட்கேட் ஃபியூஸ், எர்த் துளையே இல்லாத இரண்டு பின் பிளக். இப்படி ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டே முழு வயரிங்கையும் மாற்றுபவர்களுக்காக இதை எழுதுகிறோம். கூலியாளை மட்டும் நம்பாமல் அண்ணன் தம்பி, மாமா மச்சான் என்று எல்லோரும் கை கொடுத்தால் செலவு நன்றாகக் குறையும். எந்த வேலையைக் குடும்பம் செய்யலாம், எதைத் தொடவே கூடாது, எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

முதல் விதியை இப்போதே சொல்லிவிடுகிறோம். புது வயரைப் பழைய வயரோடு எங்கேயும் இணைக்காதீர்கள், ஒரு ராத்திரிக்குக் கூட. பழையது தனி, புதியது தனி. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த விதியைக் காப்பாற்றத்தான் அமைந்திருக்கிறது.

1. யார் எதைச் செய்வது

சுவரில் கோடு போடுவது, பைப்புக்குக் காடி (பள்ளம்) வெட்டுவது, பைப் பதிப்பது, பாக்ஸ் வைப்பது, பூசுவது, வயர் இழுப்பது, பழைய பேட்டனைக் கழற்றுவது ஆகிய இவ்வளவையும் குடும்பத்தினர் செய்யலாம். கூலியில் பெரும்பகுதி இவற்றுக்குத்தான் போகும்.

மெயின் கரண்டைப் பல சர்க்யூட்டாகப் பிரிக்கும் டி.பி. பாக்ஸின் இணைப்பு, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இணைப்பு, வயரின் தோல் கரண்டைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் மெகர் சோதனை, முதல் முறை கரண்ட் கொடுப்பது ஆகியவை அரசு உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. சட்டப்படி வயரிங் வேலை எல்லாமே உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். அவரை வேலை முடியும் நேரத்தில் கூப்பிடாதீர்கள். வரைபடம் போடும் நாளிலேயே வரவழைத்துக் கூலியைப் பேசி முடியுங்கள். மூடிய சுவருக்குள் அடுத்தவர் செய்த வேலைக்குப் பொறுப்பேற்க எந்த நல்ல வயர்மேனும் தயங்குவார்.

மீட்டர், அதன் சீல், மீட்டருக்கு முன்னால் உள்ள கட்-அவுட் (மின்வாரிய ஃபியூஸ்), தெருக் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் ஆகியவை மின்வாரியத்துக்குச் சொந்தம். அங்கே மாற்றம் வேண்டுமென்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அவர்களை வைத்தே செய்யுங்கள்.

வீட்டில் ஒருவரை மட்டும் ‘மெயின் பொறுப்பு’ என்று வையுங்கள். மெயினை ஆஃப் செய்வதும் ஆன் செய்வதும் அவர் மட்டுமே. ஆஃப் செய்ததும் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பலர் சேர்ந்து வேலை செய்யும் வீட்டில் விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. உள்ளே ஒருவர் வயரைப் பிடித்திருக்க, வெளியிலிருந்து வந்தவர் “ஏன் கரண்ட் இல்லை” என்று மெயினைப் போட்டுவிடுகிறார்.

2. பழைய வயரிங்கை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு காகிதத்தில் வீட்டின் தரைப்படத்தை வரைந்து, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி எந்தெந்த விளக்கும் ஃபேனும் அணைகின்றன என்று குறியுங்கள். ஒருவர் ஃபியூஸ் போர்டில், இன்னொருவர் அறை அறையாக. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குறிப்பெடுக்கச் சொல்லலாம்.

இந்தச் சோதனையில் பெரும்பாலும் மூன்று சங்கதிகள் வெளிவரும். ஒன்று, சில சுவிட்சுகள் ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) இல்லாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் பல்ப் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். இரண்டு, ஒரு அறையின் ஃபேஸ் ஒரு ஃபியூஸிலும் அதன் நியூட்ரல் வேறு சர்க்யூட்டிலும் இருக்கும். அந்த ஃபியூஸைப் பிடுங்கிவிட்டோம் என்று நியூட்ரலைப் பிரித்தால் ஷாக் அடிக்கும். மூன்று, ஒரு காலத்தில் பக்கத்துப் போர்ஷனுக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ இழுத்த லைன் இன்னும் உயிரோடு இருக்கும். முன்கட்டும் பின்கட்டுமாக இரண்டு மீட்டர் உள்ள வீட்டில் ஒரு மெயினை அணைத்தாலும் மற்றதன் லைன் உள்ளே வந்திருக்கலாம்.

இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. மெயினை ஆஃப் செய்த அந்த நொடியே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறி அதே விளக்கு லைனில் 230 வோல்ட்டைக் கொடுக்கும். முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, அதன் அவுட்புட் பிளக்கை உருவி, அதற்குப் பிறகே மெயினை ஆஃப் செய்யுங்கள்.

வயரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்ய நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். காய்ந்த மரப்பலகை மேல் நிற்பவருக்கு அது எரியாமலும் போகும். மல்டிமீட்டரோ, இரு முனை கொண்ட டெஸ்ட் லேம்ப்போ வைத்து மூன்று விதமாகப் பாருங்கள்: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். அதற்கு முன் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

3. லோடு கணக்கும் சர்க்யூட் பிரிப்பும்

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7, 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3. மிக்ஸியும் கிரைண்டரும் சேர்ந்தே பெரும்பாலும் நாலைந்து ஆம்பியர்தான். மோட்டாருக்கு மட்டும் ஓடும் கரண்டைப் பார்த்தால் போதாது. கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும்.

கூடம், இரண்டு அறை, சமையலறை, குளியலறை, திண்ணை, ஒரு 1 ஹெச்.பி. மோட்டார் உள்ள 800 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். பிரிப்பு இப்படி வரும் (ஸ்கொயர் என்பது வயருக்குள் உள்ள காப்பரின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீ. கணக்கில்; எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழும், அதாவது டிரிப் ஆகும், சுவிட்ச்):

விளக்கு, ஃபேன் முன்பக்கம்: 1.5 ஸ்கொயர் வயர், 6 ஆம்பியர் எம்.சி.பி.
விளக்கு, ஃபேன் பின்பக்கம்: அதேபோல்.
அறை பிளக் பாயிண்டுகள்: 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர்.
ஃபிரிட்ஜ்: 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர்.
சமையல் மேடை பிளக்குகள்: 4 ஸ்கொயர், 20 ஆம்பியர்.
கீசர்: 4 ஸ்கொயர், 20 ஆம்பியர்.
ஏ.சி. ஒன்றரை டன்: 4 ஸ்கொயர், 20 ஆம்பியர்.
வாஷிங் மெஷின்: 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர்.
மோட்டார்: 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர், கிளம்பும் நொடி இழுப்பைத் தாங்கும் ‘சி’ வகை.
இன்வெர்ட்டருக்குப் போகும் லைன்: 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர்.

பத்து சர்க்யூட், இரண்டு காலி இடம். ஆகவே எம்.சி.பி.களுக்கு மட்டும் 12 இடம்; அடுத்த பகுதியில் வரும் ஐசொலேட்டருக்கும் ஆர்.சி.சி.பி.களுக்கும் தனியாக இடம் உள்ள டி.பி. பாக்ஸாகப் பாருங்கள். காலி இடம் இல்லாமல் வாங்குகிறவர்கள் அடுத்த கோடையில் இரண்டாவது ஏ.சி. வாங்கும்போது ஒரே எம்.சி.பி.யில் இரண்டு வயரைத் திணிக்கிறார்கள்.

விளக்கைக் குறைந்தது இரண்டு சர்க்யூட்டாகப் பிரிப்பதற்குக் காரணம், ஒன்று டிரிப் ஆனால் அதைச் சரிசெய்ய ஏணி ஏறுகிறவருக்கு அடுத்த அறை விளக்காவது எரிய வேண்டும் என்பது. ஃபிரிட்ஜைத் தனியாக வைப்பதற்குக் காரணம், வெளியூர் போகும்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை மட்டும் ஓடவிடலாம் என்பது.

எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போட்டால், 2.5 ஸ்கொயர் வயர் சுவருக்குள் வெந்துபோகும், எம்.சி.பி. சும்மா இருக்கும். கிட்கேட்டில் தடித்த கம்பி சுற்றிய பழக்கம் இப்படித்தான் புது வயரிங்குக்குள்ளும் நுழைகிறது.

கூட்டிப் பார்த்த லோடு, மின்வாரியம் உங்களுக்கு அனுமதித்த லோடைத் தாண்டினால், சுவரை உடைப்பதற்கு முன்பே கூடுதல் லோடுக்கு விண்ணப்பியுங்கள். ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா என்பதைப் பொறுத்து டி.பி. பாக்ஸே மாறும்.

4. வாங்க வேண்டியவை

மேலே சொன்ன வீட்டுக்கு உத்தேச அளவு இது. 90 மீட்டர் ரோல் கணக்கில் 1.5 ஸ்கொயர் சிவப்பு 4, கறுப்பு 3, பச்சை 2. 2.5 ஸ்கொயர் மூன்று நிறத்திலும் இரண்டிரண்டு. 4 ஸ்கொயர் மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று. மெயினிலிருந்து டி.பி. வரை 10 ஸ்கொயர், தூரத்தை அளந்து வெட்டி வாங்கிக்கொள்ளலாம். முக்கால் அங்குல பைப் 3 மீட்டர் நீளத்தில் 60, ஒரு அங்குலம் 15.

உங்கள் வீட்டு அளவை நூல் பிடித்து அளந்து, பைப் வழியே எத்தனை வயர் போகிறதோ அதனால் பெருக்கி, ஆறில் ஒரு பங்கு கூட்டுங்கள். முதலில் முக்கால் பங்கை மட்டும் வாங்குங்கள். பிரிக்காத ரோலைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

வயரைக் கேஜில் கேட்காமல் ஸ்கொயரில் கேளுங்கள். 3/20, 7/20 என்ற பழைய பெயர்களைக் கடைக்குக் கடை வேறு வேறு அளவுக்குச் சொல்கிறார்கள். வயர் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். முழுக்கக் காப்பர் மட்டுமே. பழைய வீட்டில் அலுமினிய வயர் இருந்தால் அதில் ஒரு துண்டைக் கூட மிச்சம் வைக்காதீர்கள். அலுமினியமும் காப்பரும் தொட்டுக்கொள்ளும் இடம் ஈரத்தில் அரித்து, தளர்ந்து, சூடாகும்.

நிறம் கடைசி வரை மாறக் கூடாது. சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று ஃபேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம். சிவப்பு தீர்ந்துவிட்டது என்று பச்சையில் ஃபேஸ் இழுத்துவிட்டால், பத்து வருஷம் கழித்து வேறொருவர் அதை எர்த் என்று நம்பித் தொடுவார்.

இவற்றோடு கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கும் டபுள் போல் ஐசொலேட்டர் ஒன்று, மெட்டல் பாக்ஸ்கள், லாங் பெண்ட், ஜங்ஷன் பாக்ஸ், பைப் ஒட்டும் சொல்யூஷன், வயர் இழுக்கும் ஸ்பிரிங், வயர் முனையில் மாட்டும் லக். கண்ணாடியும் முகக்கவசமும் வீட்டு ஆட்களின் எண்ணிக்கைக்கு. ஏணி மரத்திலோ ஃபைபரிலோ இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம்.

5. எர்த்தை முதலில் முடியுங்கள்

பலரும் கடைசிக்குத் தள்ளிப்போட்டு, காசு தீர்ந்ததும் விட்டுவிடும் வேலை இதுதான். முதலில் செய்தால் தற்காலிக போர்டுக்கும் எர்த் கிடைக்கும், வெட்டும் மெஷினுக்கும் கிடைக்கும்.

கட்டிடத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, ஈரம் நிற்கும் இடமாகப் பாருங்கள். பின்கட்டில் சமையல் தண்ணீர் பாயும் வாழையடி நல்ல இடம். 40 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளம், கீழ்ப்பகுதியில் 12 மி.மீ. துளைகள். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. உப்பு பைப்பை அரிக்கும் என்பதால், கொஞ்சம் கூடச் செலவானாலும் காப்பர் பூசிய ராடும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் பெண்டோனைட் களிமண் கலவையும் போடுவது நல்லது. மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனலும், திறந்து பார்க்கக் கூடிய மூடியும் வையுங்கள். பாறை மண்ணில் மூன்று மீட்டர் இறங்காவிட்டால் 60 செ.மீ. சதுரத் தகட்டைப் புதைக்கலாம்.

எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வரப் பாருங்கள். அளக்கும் காலமும் முக்கியம். ஐப்பசி மழையில் நன்றாகக் காட்டும் எர்த் சித்திரை வெயிலில் இரண்டு மடங்காக ஏறலாம்.

எர்த் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 5 ஓம் எர்த்தில் 230 வோல்ட் கசிந்தால் ஓடுவது அதிகபட்சம் 46 ஆம்பியர். ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். அதாவது கீசர் உடம்பில் கரண்ட் ஏறினாலும் எம்.சி.பி. உடனே விழாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. அதனால்தான் கட்டாயம் வேண்டும். எர்த் கசிவுக்கு வழி விடுகிறது, ஆர்.சி.சி.பி. லைனைத் துண்டிக்கிறது. இரண்டில் எதை விட்டாலும் பாதுகாப்பு பாதிதான்.

தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டாதீர்கள். நடுவில் யாரோ பி.வி.சி. பைப் மாற்றியிருந்தால் வீட்டுக் குழாய் எல்லாவற்றிலும் கரண்ட் வரும். வீட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பதும் கூடாது.

6. தற்காலிக போர்டு

ஒரு பிளைவுட் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., 16 ஆம்பியர் எம்.சி.பி., இரண்டு பிளக், ஒரு விளக்கு. மெயினிலிருந்து 2.5 ஸ்கொயர் மூன்று கோர் கேபிள், புது எர்த்தோடு. இதை வயர்மேன் கட்டிக் கொடுக்கட்டும். ஃபிரிட்ஜ், ராத்திரி ஒரு ஃபேன், வெட்டும் மெஷின் எல்லாம் இதிலிருந்தே.

இது இருந்தால்தான் “இன்னைக்கு ராத்திரி மட்டும் இந்த ரூமைப் பழைய லைன்ல கொடுத்துரலாம்” என்ற யோசனை வராது. அப்படிக் கொடுத்துவிட்டால் பழைய ஃபியூஸ் போர்டிலிருந்து புது வயருக்குக் கரண்ட் வரும். மறுநாள் புது டி.பி.யை ஆஃப் செய்துவிட்டு நம்பிக்கையோடு கை வைக்கிறவருக்கு அது தெரியாது.

7. கோடு போடுவதும் வெட்டுவதும்

சுண்ணாம்பில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர் மெஷினில் எளிதாக வெட்டுப்படும், ஆனால் உதிரும். செங்குத்தாக வெட்டும் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கையாக வெட்டுவது ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. முக்கால் அங்குல பைப்புக்கு ஒன்றே கால் அங்குல ஆழம் போதும். பைப் மேல் அரை அங்குலம் பூச்சு நிற்க வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பாக்ஸ் வைக்காதீர்கள், சுவர் ஓட்டையாகிவிடும்.

சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே, பிறகு கூரைக்கு ஒரு அடி கீழே படுக்கையாக. இந்த இரண்டு வழி மட்டுமே. குறுக்கே சாய்த்து வெட்டினால் பைப் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிறவர் வயர் எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க முடியாது.

சுவிட்ச் போர்டு தரையிலிருந்து நாலேகால் அடி. சமையல் மேடை பிளக் மேடைக்கு மேல் அரை முதல் முக்கால் அடி, அடுப்புக்கும் தொட்டிக்கும் நேர் மேலே கூடாது. கீசர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. வயதானவர்கள் படுக்கும் இடத்தில் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு இருவழிச் சுவிட்ச் (ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைப்பது) இப்போதே போடுங்கள். பிறகு போட வேண்டுமென்றால் திரும்பச் சுவரை உடைக்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் கூரையை வெட்டவே கூடாது. தேக்குச் சட்டங்களுக்கு நடுவே செங்கலும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பு அது. பைப்பைச் சட்டத்தின் பக்கவாட்டில் இரண்டு அடிக்கு ஒரு சாடில் (பைப்பைப் பிடிக்கும் பட்டை) வைத்து வெளியே தெரியும்படி ஓட்டுங்கள். ஓட்டு வீட்டிலும் அப்படியே கைமரத்தின் ஓரமாக. ஃபேன் கொக்கி மாட்டிய சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்திருந்தால் உள்ளே இறங்கும். அந்தச் சட்டத்துக்குத் தச்சர் வராமல் ஃபேன் மாட்டக் கூடாது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், சுண்ணாம்புத் தூசி கண்ணையும் மூச்சையும் தாக்கும். வெட்டும் நாளில் குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

8. பைப்பும் பூச்சும்

வளைவுக்கு லாங் பெண்ட் போடுங்கள். எல்போ போட்டால் வயர் அங்கே மாட்டும், பிறகு மாற்றவும் முடியாது. இரண்டு வளைவுக்கு ஒரு ஜங்ஷன் பாக்ஸ். வெட்டிய பைப் முனையைக் கத்தியால் உள்பக்கம் மழித்துவிடுங்கள். மழிக்காத விளிம்பு வயரின் தோலைச் சீவிவிடும், அது மெகர் வைக்கும்போதுதான் தெரியவரும்.

முக்கால் அங்குலத்தில் 1.5 ஸ்கொயர் என்றால் நான்கைந்து, 2.5 என்றால் மூன்று நான்கு. ஒரு அங்குலத்தில் 4 ஸ்கொயர் ஐந்தாறு. ‘இன்னும் ஒன்று போகும்’ என்று நுழைத்தால் வெப்பம் வெளியேற இடமிருக்காது. டிவி, இண்டர்நெட் கேபிளுக்குத் தனிப் பைப் போடுங்கள்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புச் சுவரை நன்றாக நனைத்து, காடி மேல் கோழிவலை அடித்து, சுண்ணாம்பு கலந்த சாந்தில் பூசுங்கள். வெறும் சிமெண்ட் வைத்தால் காய்ந்ததும் இரண்டு ஓரமும் விரிசல் விடும். பாக்ஸ் வாயில் பேப்பர் திணித்துவிட்டுப் பூசுங்கள். பைப்புக்குள் சாந்து போய் இறுகினால் அந்தச் சுவரைத் திரும்ப உடைக்க வேண்டியதுதான். பூச்சு முழுவதும் உலர்ந்த பிறகே வயர். தை முதல் வைகாசி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். மழை மாதத்தில் பூச்சு உலராது, ஈரப் பாக்ஸில் மெகர் எண்ணும் ஏறாது.

9. வயர் இழுப்பது

குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஒரு முனையில் இழுப்பவர், மறுமுனையில் வயரை நேராக்கி ஊட்டுபவர், ரோலைச் சுற்றிவிடுபவர். மூவருக்கும் இடையே “இழு”, “நில்”, “தளர்த்து” என்ற மூன்று சொல் போதும். கூடப் பேச்சு வேண்டாம். ஊட்டுகிறவர் சொல்லாமல் இழுக்கக் கூடாது, ஏனென்றால் சிக்கல் விழுவது ஊட்டுகிற பக்கம்தான்.

ஒரு பைப்பில் போக வேண்டிய எல்லா வயரையும், எர்த் உட்பட, ஒரே தடவையில் சேர்த்து இழுங்கள். பிறகு ஒன்றை நுழைத்தால் ஏற்கெனவே உள்ளதன் மேல் உராய்ந்து தோல் கருகும். முனைகளைப் படிப்படியாக விட்டு ஸ்பிரிங்கில் கட்டி டேப் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் முகப்பவுடர் தூவுங்கள். எண்ணெய், கிரீஸ் கூடாது, பி.வி.சி. கெட்டுப்போகும்.

விளக்கு சர்க்யூட்டுக்கு எர்த் எதற்கு என்று கேட்டு விட்டுவிடுகிறார்கள். ஃபேன் உடம்பு இரும்பு. மெட்டல் பாக்ஸும் இரும்பு. எல்லாப் பாயிண்டுக்கும் பச்சை போக வேண்டும்.

பைப்புக்குள் ஒட்டு கிடையவே கிடையாது. வயர் பத்தாவிட்டால் உருவிவிட்டுப் புதிது இழுங்கள். ஒட்டு தேவைப்பட்டால் திறக்கக் கூடிய பாக்ஸில் கனெக்டர் போட்டு மட்டுமே. ஒவ்வொரு பாக்ஸிலும் அரை அடி வயரை மிச்சம் விட்டு, இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டிவிடுங்கள்.

10. இணைப்பு: வயர்மேனின் வேலை

அவர் செய்யும்போது வீட்டில் ஒருவர் கூடவே இருந்து பாருங்கள். கவனிக்க வேண்டியது நியூட்ரல்.

மெயினிலிருந்து ஐசொலேட்டர், அங்கிருந்து இரண்டு ஆர்.சி.சி.பி., ஒவ்வொன்றின் கீழும் அதன் எம்.சி.பி.கள். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் பட்டை இருக்க வேண்டும். ஒன்றின் கீழ் ஃபேஸும் மற்றொன்றின் கீழ் நியூட்ரலும் போனால், லோடு போட்டதும் டிரிப் ஆகும். “ஆர்.சி.சி.பி. சரியில்லை, எடுத்துவிடலாம்” என்று சொல்லப்படும் வீடுகளில் பெரும்பாலும் கோளாறு இதுதான், அல்லது எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இது இன்னும் சிக்கலாகும். பழைய பழக்கம், இன்வெர்ட்டரிலிருந்து ஃபேஸ் மட்டும் இழுத்து, நியூட்ரலை வீட்டுப் பொது நியூட்ரலில் விடுவது. ஆர்.சி.சி.பி. போட்ட வீட்டில் அது ஒத்துவராது. இன்வெர்ட்டர் விளக்குகளுக்கு ஃபேஸும் நியூட்ரலும் இரண்டுமே தனி. நியூட்ரல் பட்டையும் தனி. பைப் வரைபடம் போடும்போதே எந்த விளக்கு, எந்த ஃபேன் இன்வெர்ட்டரில் என்று முடிவு செய்யாவிட்டால் இந்தத் தனி நியூட்ரலை இழுக்கப் பிறகு வழி இருக்காது.

மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்தால், ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டிப் போய் டிவியும் ஃபிரிட்ஜும் கருகும். நியூட்ரலில் ஃபியூஸ் கூடாது. அந்த ஸ்குரூவை இரண்டு முறை இறுக்கிப் பாருங்கள்.

வயர் முனையில் இழைகளை வெட்டிக் குறைத்துத் துளைக்குள் நுழைப்பதை அனுமதிக்காதீர்கள். லக் போடச் சொல்லுங்கள். ஸ்குரூ பிடிக்க வேண்டியது காப்பரை, தோலை அல்ல. இறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

சுவரில் உள்ள மூன்று துளை பிளக் பாயிண்டை முன்னாலிருந்து பார்த்தால் மேலே எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல்.

11. கரண்ட் கொடுப்பதற்கு முன் சோதனை

முதலில் எர்த் தொடர்ச்சி. ஒவ்வொரு பிளக்கின் எர்த் துளையிலிருந்தும் டி.பி.யின் எர்த் பட்டைக்கு மல்டிமீட்டரில் 1 ஓமுக்குள் வர வேண்டும்.

அடுத்து 500 வோல்ட் மெகர். பல்ப், ஃபேன் ரெகுலேட்டர், எல்லா எலக்ட்ரானிக் பொருளையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவை கெடும். நியூட்ரல் வயர்களைப் பட்டையிலிருந்து பிரித்து வையுங்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக ஒரு முறை, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு முறை. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கரண்ட் கொடுக்கக் கூடாது. புது வயரில் அதற்கு மிக மேலே வருவதுதான் இயல்பு. குறைந்தால் ஈரமான பாக்ஸ், மூடி ஸ்குரூ கடித்த வயர், பைப் விளிம்பு சீவிய தோல் என்ற வரிசையில் தேடுங்கள்.

பிறகு ஒரு எம்.சி.பி.யாக ஆன். முதல் முறை 100 வாட் குண்டு பல்ப்பை சீரிஸில் (கரண்ட் அதன் வழியாகவே போகும்படி) வைத்துக் கொடுப்பார்கள். ஷார்ட் இருந்தால் அந்த பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், வயருக்கு ஒன்றும் ஆகாது. சரியென்றால் நேரடியாக. ஃபேஸ்–நியூட்ரல் அளவும் ஃபேஸ்–எர்த் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட் மட்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

கடைசியாக ஏ.சி., கீசர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் அரை மணி நேரம் சேர்த்து ஓட்டுங்கள். பிறகு மெயினை அணைத்து, டி.பி. முகப்பைத் திறந்து, மல்டிமீட்டரில் கரண்ட் இல்லை என்று பார்த்த பின் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருப்பது தளர்ந்த ஸ்குரூ.

12. அறை அறையாக மாற்றுவதும் பழையதை எடுப்பதும்

ஒரு சர்க்யூட் சோதனை தேறியதும் அந்தப் பகுதிக்கான பழைய ஃபியூஸைப் பிடுங்கி, வயரை ஃபியூஸ் போர்டிலேயே கழற்றி, மறு முனையையும் அவிழ்த்து, முழுவதும் உருவி எடுங்கள். முனையில் டேப் சுற்றிச் சுவரில் விடுவது கூடாது. பழைய ரப்பர் வயரின் தோல் தொட்டால் உதிரும். அடுத்த முறை வெள்ளையடிக்க வருபவர் அதைத் தொடுவார்.

சமையலறை, குளியலறை, மோட்டார் என்ற வரிசையில் மாற்றுங்கள். ஈரமும் கரண்டும் சேரும் இடங்கள் முதலில் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே வர வேண்டும். அறைகள் அடுத்து. திண்ணை விளக்கும் வாசல் விளக்கும் கடைசி. எல்லாம் முடிந்ததும் பழைய ஃபியூஸ் போர்டை மெயினிலிருந்து கழற்றி, சுவரிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

டி.பி. கதவின் உள்பக்கம் ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் தமிழில் பெயர் எழுதி ஒட்டுங்கள்: ‘சமையல் மேடை’, ‘பின்கட்டு விளக்கு’, ‘மோட்டார்’ என்று. பக்கத்திலேயே வரைபடத்தின் ஒரு நகல். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும், கோடையில் எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதி, யார் செய்வது என்று பெயரும் போட்டுவிடுங்கள்.